டீச்சரிடம் கேளுங்கள்: தாத்தாவின் காணியில் தியான இல்லம்

கேள்வி: அன்புள்ள டீச்சர், வெலிமடைக்கு அருகில் எங்கள் தாத்தா வாங்கிய நான்கு ஏக்கர் காணி இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்து சேர்த்த பணத்தில் வாங்கினார். மேலே கிழங்கும் லீக்ஸும், கீழே கொஞ்சம் வயல், நடுவில் தகரக் கூரை போட்ட கல் வீடு. அப்பா இறந்த பிறகு நானும் மனைவியும் பயிர் செய்கிறோம். இதைக் கிறிஸ்தவத் தியான இல்லமாக்க வேண்டும் என்ற பாரம் எங்கள் இருவருக்கும் உண்டாகியிருக்கிறது. வயலை நிரப்பி மண்டபம் கட்டலாம் என்று சபையார் ஒருவர் வரைபடமே தந்துவிட்டார். தங்கை ஹட்டனில் இருக்கிறாள், அவளுக்குச் சம்மதம். கனடாவில் இருக்கும் அண்ணனோ, "தாத்தாவின் வியர்வையைத் தாரை வார்க்காதே" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, அண்ணனின் அந்த வார்த்தையைத் தாண்டி வர எனக்கு நேரமானது. நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். எங்களுக்கென்று இருந்த மண், வாசலில் செவ்வந்தி நட்டிருந்த பால்மா டின்னுக்குள் இருந்தது மட்டும்தான். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. இன்றும் 7 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்) காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டு நிற்கிறோம். இந்தச் சமூகத்தில் நான்கு ஏக்கர் எத்தனை பேருக்குக் கிடைத்தது? அண்ணன் பேராசையில் பேசுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். கங்காணிக்குச் சம்பளத்தோடு, வேலைக்கு இறக்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாள் கணக்கில் தலைக்காசும் கிடைத்தது. மழையில் மலை ஏறிப் பேர் போட்டவர்களின், அதாவது நாள் கூலிக்கு உழைத்தவர்களின், வியர்வையும் அந்தக் காணிக்குள் போயிருக்கிறது. உங்கள் தாத்தாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீட்டுக் கதவு யாருக்கு முதலில் திறக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஒரு தியான இல்லத்துக்கு அழைத்துப் போனேன். பளிங்குத் தரை, வெந்நீர்க் குழாய், லீக்ஸ் பாத்தி இருந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம். ஒரு நாள் கட்டணமோ அவர்கள் இரண்டு நாள் முழுப்பேர் போட்டால் கிடைக்கும் சம்பளம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தார்கள். இரண்டு நாளும் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அப்படி ஓர் இடத்தை நீங்களும் கட்டிவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

ஆகவே வயலை நிரப்பாதீர்கள். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவே முடியாது. அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்த வயலில்தான் நிதானமாகி அடுத்தவர் வயலுக்குப் போகிறது. மேட்டை வெட்டிக் கட்டுவதும் ஆபத்து. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து லயங்களே மண்ணுக்குள் போயின. ஓர் அறை கூட்டிக் கட்டுவதானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற்ற பிறகே அத்திவாரம் தோண்டுங்கள்.

ஒரு நாள் மனைவியோடு ஹப்புத்தளைக்குப் போய் அடிசம் பங்களாவைப் பார்த்து வாருங்கள். சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய வீடு. 1960களிலிருந்து புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. ஜெபமும் நடக்கிறது, பழத்தோட்டமும் இருக்கிறது, துறவிகள் செய்யும் ஜாமை வாசலில் வாங்கலாம். உங்கள் கல் வீடு அதில் கால்வாசிகூட இருக்காது. அதனால் என்ன? ஆறு பேர் தங்கினால் போதும். கிழங்கும் லீக்ஸும் அவர்கள் சாப்பாட்டுக்கு ஆகும், மிச்சம் சந்தைக்குப் போகும். நகரத்திலிருந்து வருகிறவர்களிடம் காலையில் ஒரு மணி நேரம் மண்வெட்டியைக் கொடுங்கள். தோட்டத்துப் பெண்கள் வந்தால் தூங்க விடுங்கள். அவர்களுக்கு அதுவே தியானம். கட்டணமும் வாங்காதீர்கள்.

பத்திர விஷயம்: பங்கு பிரிக்காத காணி என்றால் மூவரும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் வர முடியாவிட்டால் தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். சபைக்கு இப்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்காதீர்கள். காணி உங்கள் மூவரின் பெயரிலேயே இருக்கட்டும், வீட்டை மட்டும் சில வருடங்களுக்குக் குத்தகையாகக் கொடுத்துப் பாருங்கள்.

வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் சிங்களக் குடும்பங்கள் பக்கத்தில் இருப்பார்கள். பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன் அவர்களிடமும் விகாரையின் ஹாமுதுருவிடமும் (பௌத்த பிக்குவிடமும்) நீங்களே போய்ச் சொல்லுங்கள். புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கேட்கும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிப் பிரதேச செயலகத்தில் கேள்வி வரலாம், அங்கும் முன்கூட்டியே பேசுங்கள். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. தாத்தாவின் கீழ் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று தங்கைக்குத் தெரிந்திருக்கக்கூடும். கேட்டு எனக்கு எழுதுங்கள்.