ஆற்றுக்கு அழைத்துப் போ

அன்புள்ள ஐயா,

மெக்சிகோவின் ‘லா யொரோனா’ பாடலைப் பாடகி சவேலா வர்கஸின் குரலில் சில வாரங்களாகக் கேட்டுவருகிறேன். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பெற்ற பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, இரவுகளில் அழுதபடி அலையும் பேய்தான் யொரோனா என்று பிறகு படித்தேன். பேய்க்கதை எப்படிக் காதல் பாட்டாகும்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் படித்த கதை மெக்சிகோ எங்கும் வழங்குவதுதான். ‘யொரோனா’ என்றால் அழுபவள். ஆனால் வஹாகா மாநிலத்தின் தெவாந்தெபெக் பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த நாட்டுப்பாடல் அந்தக் கதையைச் சொல்வதில்லை. இதில் ஒரு காதலன் தன் காதலியை அந்தப் பெயரால் அழைக்கிறான். கோயிலிலிருந்து அழகிய வீபில் சட்டை அணிந்து வெளியே வந்தவளைக் கண்டு கன்னி மரியாள் என்றே நினைத்துவிட்டதாகச் சொல்கிறான். தன்னைக் கறுப்பன் என்பவர்களிடம், பச்சை மிளகாயைப் போலக் காரமானவன், ஆனால் சுவையானவன் என்கிறான். நாலடிச் செய்யுள்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்பவை. பாடுபவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார், வேண்டாததை விட்டுவிடுவார். மாறாதது அந்த விளி மட்டுமே. எட்டு அசை கொண்ட அடி முடிந்த பிறகு, ஒன்றுவிட்டு ஒன்றாக, ‘யொரோனா’ என்று அது வந்து விழுகிறது. சொல்லவந்தது முடிந்தும் அவனால் அவள் பெயரை விட முடிவதில்லை.

பேய்க்கதையின் ஆறு பாட்டிலும் வருகிறது. என்னை மிகவும் கலங்கச் செய்யும் இடம் அதுதான். ‘என்னை ஆற்றுக்கு அழைத்துப் போ, உன் ரெபோசோவால் போர்த்து, குளிரில் செத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அவன் கெஞ்சுகிறான். ரெபோசோ என்பது மெக்சிகோப் பெண்கள் தோளில் சுற்றிக்கொள்ளும் நீண்ட துணி. குழந்தையைக் கட்டிச் சுமப்பதும் அதில்தான். கதை தெரிந்த எவருக்கும் அந்த ஆறு எதுவென்று தெரியும். பிள்ளைகள் மாண்ட நீர்க்கரைக்குத் தன்னையும் கொண்டுபோகச் சொல்லி, பிள்ளையைப் போர்த்தும் துணியை அவளிடம் கேட்பவனின் ஏக்கத்தைக் காதல் என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது? அவள் தரக்கூடிய கதகதப்பும் அவளால் வரக்கூடிய சாவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவன் இரண்டையும் சேர்த்தே கேட்கிறான்.

கோஸ்டா ரிகாவில் 1919-இல் பிறந்து மெக்சிகோவைத் தன் நாடாக்கிக்கொண்ட சவேலா, இப்பாடலை அவசரமே இல்லாமல், பல இடங்களில் ஏறக்குறையப் பேச்சாகவே பாடுகிறார். ஆண் பெண்ணை நோக்கிச் சொல்லும் சொற்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒரு பெண் பாடுவதும் அந்தக் குரலின் துணிச்சல். ‘உயிரையே கொடுத்துவிட்டேன், யொரோனா, இன்னும் என்ன வேண்டும்? இன்னுமா வேண்டும்?’ என்ற அடிகளை மறுபடி கேட்டுப் பாருங்கள். அதுவரை தாழ்ந்து வந்த குரல், ‘இன்னுமா வேண்டும்?’ என்ற இடத்தில் அலறலாக உடைகிறது. உங்கள் தொண்டை அடைத்துக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.