போரில் மூழ்கிய கப்பல்களை ஆராயும் வேலைக்கு டைவிங் தெரிந்தால் போதுமா?

போதாது. டைவிங்கைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். பழைய ஆவணத்தைச் சந்தேகக் கண்ணோடு படிக்கத்தான் வருடக்கணக்கில் ஆகும்.

1941 நவம்பர் 19 அன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, ஜெர்மனியின் கோர்மோரான் என்ற கப்பலோடு சண்டையிட்டு மூழ்கியது. அதிலிருந்த 645 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கோர்மோரானும் மூழ்கியது, ஆனால் அதில் பலர் தப்பினார்கள். அதன் கேப்டன் டெட்மர்ஸ், சிறையில் இருந்தபோது ஒரு அகராதியின் எழுத்துகளுக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தே சண்டை விவரத்தைப் பதிந்துவைத்தார். (என்ன பொறுமை!) ஜெர்மானியர்களின் வாக்குமூலங்களை ஒப்பிட்டுத்தான் தேடும் பரப்பைச் சுருக்க முடிந்தது. 2008 மார்ச்சில் மூழ்கிய கப்பல்களைத் தேடும் நிபுணர் டேவிட் மேர்ன்ஸின் குழு சோனார் (ஒலியை அனுப்பிக் கடலடியைத் தேடும் கருவி) வைத்து இரண்டு கப்பல்களையும் கண்டுபிடித்தது. ஆழம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். அங்கே டைவருக்கு வேலையே இல்லை, ரோபோ கேமராதான்.

சரி, படிப்பு? தொல்லியல் அல்லது வரலாற்றில் பட்டம், அப்புறம் கடல்சார் தொல்லியலில் முதுகலை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அருங்காட்சியக வேலைகள் குறைவு. கடலில் காற்றாலை நடுவதற்கு முன் கடலடித் தரையை ஆய்வு செய்யும் நிறுவனங்களையும் பாருங்கள். கூடவே ஜெர்மனோ ஜப்பானியமோ படிக்கத் தெரிந்தால் உங்கள் மதிப்பே வேறு.