தோன்புரி இருக்க, பாங்காக் எதற்கு?

தாய்லாந்தின் சக்ரி அரச வம்சத்தை நிறுவிய முதலாம் ராமா, 1782-இல் அரசரானதும் மேற்குக் கரையில் தலைநகராக இருந்த தோன்புரியை விட்டு, ஆற்றைக் கடந்து ஏன் பாங்காக் வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்புதான் பெரிய காரணம். 1767-இல் பர்மியப் படை பழைய தலைநகரான அயூத்தியாவை எரித்ததைக் கண்ட தலைமுறை அது. கிழக்குக் கரையில் சாவோ பிரயா ஆறு வளைந்தோடி இயற்கை அகழியாகிறது. நிலம் உள்ள மறுபக்கம் கால்வாய் வெட்டினால் நகரம் தீவாகிவிடும். வெட்டினார்கள். தோன்புரி அரண்மனையோ இரண்டு கோயில்களுக்கு நடுவே நெருக்குண்டு கிடந்தது. புதிய இடத்தில் குடியிருந்த சீனர்கள் சம்பெங் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். ஏப்ரல் 21 அன்று புதிய நகரின் தொடக்கத்தைக் குறிக்கும் நகரத் தூண் நடப்பட்டது.

என்னை உருக்குவது மதில் எழுந்த விதம். இடிந்த அயூத்தியாவின் செங்கற்களைப் பெயர்த்து, படகுகளில் ஏற்றி, ஆற்றோட்டத்தோடு கொண்டுவந்தார்கள். எரிந்த தலைநகரின் செங்கல்லே புதிய தலைநகரின் சுவரானது. 1784-இல் தாய்லாந்தின் புனிதச் சிலையான மரகத புத்தரும் ஆற்றைக் கடந்து அரண்மனைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்.