ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனாவில் பீனிக்ஸுக்குக் குடிவருகிறோம். பாலைவனத்தில் திடீர் வெள்ளம் வரும் என்கிறார்களே, நிஜமாகவே பயப்பட வேண்டுமா?

வேண்டும். அம்மா சொல்லியும் கேட்காமல் குடும்பத்தோடு தண்ணீரில் காரை இறக்கியவன் சொல்கிறேன்.

நீங்கள் அநேகமாகச் சென்னையிலிருந்து வருகிறீர்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, வருடம் முழுக்கச் சேர்த்தே 180 மி.மீ. சொச்சம் மழை பெய்கிற ஊர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இத்தனைக்கும் என் ஊர் தென்காசி. குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை அருவியில் இறங்கும், குளிப்பவர்களைப் போலீஸ் விரட்டும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கே இங்கே புத்தி வேலை செய்யவில்லை.

2022 ஜூலை. நாங்கள் பீனிக்ஸ் புறநகரான சாண்ட்லரில் குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சான் டான் வேலியில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்புகிறோம். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பின்சீட்டில் அம்மாவும் என் மகளும். தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறது. வடகிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைப்பக்கம் மட்டும் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. அம்மா சொன்னார்கள்: "ஏய்யா, மலையில இந்த வெட்டு வெட்டுதே, கீழ தண்ணி வராமலா இருக்கும்?" இங்கே ஆறே கிடையாதும்மா, பாலைவனம் என்றேன்.

அந்தப் பக்கம் எப்போதும் ஓடுகிற ஆறு இல்லை, சரி. ஆனால் 'வாஷ்' உண்டு. வருடம் முழுக்கக் காய்ந்து மணலாகக் கிடக்கும் ஓடையை இங்கே அப்படிச் சொல்வார்கள். புறநகரில் பல இடங்களில் அதற்குப் பாலம் கிடையாது, சாலையே பள்ளத்தில் இறங்கி ஏறும். தண்ணீர் ஓடும்போது இறங்காதீர்கள் என்று மஞ்சள் போர்டு இருக்கும். நாங்கள் போனபோது காபி நிறத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் அடி இருக்கும் என்று நினைத்தேன். முன்னால் ஒரு பிக்கப் லாரி இறங்கி ஏறிப் போனது. நானும் இறக்கினேன். பாதியில் எஞ்சின் நின்றது. கதவிடுக்கில் தண்ணீர் வந்தது. அடுத்த நிமிஷம் கார் தானாகப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாலையோரம் ஒரு பாலோ வெர்டே மரத்தில் முட்டி நின்றோம். அந்த மரம் இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் தன் லாரியில் கயிறு கட்டி இழுத்து எங்களை வெளியே கொண்டுவந்தார். மழை எங்கள் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

படித்தவன்தானே, போர்டு தெரியவில்லையா என்று கேட்பவர்கள் வருவார்கள். தெரிந்தது. ஆனால் அங்கே தடுப்பு எதுவும் வைக்கவில்லை. வெள்ளத்துக்காக வைத்த தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டினால் மீட்புச் செலவை நம்மிடமே வசூலிக்க 1995-லிருந்து இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றுதான் பேச்சுவழக்கில் அதற்குப் பெயர். நான் அந்தக் கணக்கில் வர மாட்டேன். செய்தது சரி என்றும் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்றால், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன் காலம். காற்று திசை மாறி மெக்சிகோ பக்கத்து ஈரத்தைக் கொண்டுவரும். பிற்பகலில் மலைமேல் மேகம் திரண்டு, பெய்தால் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். வெந்து இறுகிய மண் அவ்வளவு வேகத்தில் வருவதைக் குடிக்காது. பாறைச் சரிவில் விழுந்ததெல்லாம் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். பீனிக்ஸில் இந்தப் பருவம் முழுவதற்கும் சராசரி சுமார் 62 மி.மீ. ஆனால் 2014 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 84 மி.மீ. பெய்து, ஐ-10 நெடுஞ்சாலையில் கார்கள் மூழ்கி நின்றன.

மழை பெய்யாத இடத்திலும் உயிர் போகும். 1997 ஆகஸ்டில் ஆண்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தார்கள், மழை பெய்தது மேலே எங்கோ தொலைவில். 2017 ஜூலையில் பேசன் என்ற ஊருக்கு அருகே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தில் 10 பேர் போனார்கள். அங்கே மேலே காடு எரிந்து கிடந்தது. எரிந்த நிலம் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, சாம்பலும் கட்டையுமாக இறக்கிவிடும். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தால் ஆளைத் தள்ளும், ஒரு அடி சின்னக் காரை மிதக்கவிடும், இரண்டு அடி எஸ்யூவியையே இழுத்துப் போகும்.

அதனால் போனில் வெள்ள எச்சரிக்கை கத்தினால் அதை அணைத்து வைக்காதீர்கள். காரில் போகும்போது புழுதிப் புயல் சுவர் மாதிரி வந்தால் சாலையை விட்டு முழுசாக விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சிவப்பு விளக்கைப் பார்த்துச் சாலை அங்கேதான் போகிறது என்று பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். குடியிருப்புக்குள் பள்ளமாக அழகான புல்தரை இருந்தால் அது மழைநீர் தேங்க வெட்டியது, மழையன்று பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், இப்போதே பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மறுநாள் காலை அம்மாவுக்கு நெஞ்சு படபடத்து எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு இசிஜி, இரத்தப் பரிசோதனை, ஆறு மணி நேரம் படுக்கை. பில் நாலாயிரம் டாலரைத் தாண்டியது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எடுக்கிற விசிட்டர் இன்ஷூரன்ஸ்காரர்கள், அம்மாவுக்குப் பிரஷர் ஏற்கெனவே உண்டு, எனவே இது பழைய நோய் என்று ஒரு காசு தரவில்லை. இரண்டு முறை அப்பீல் செய்தேன், இரண்டு முறையும் அதே வரியை அனுப்பினார்கள். வெள்ளத்தில் செத்துப் பிழைத்தவருக்கு நெஞ்சு படபடப்பது எப்படிப் பழைய நோய்? இன்றும் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். பெற்றோரை அழைப்பதாக இருந்தால், பழைய நோய் திடீரென்று முற்றினால் பணம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பாலிசி எடுங்கள்.

எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கமெண்டில் சொன்னால், பக்கத்தில் எந்த வாஷ் போகிறது, எந்தச் சாலை பள்ளத்தில் இறங்குகிறது என்று தெரிந்தவரை சொல்கிறேன்.