சிப்மங்க் சுக்கானில் டோப் வெளுக்கிறதா?

வணக்கம் சகோ. சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர் ஸ்டோரில் வைத்து சிப்மங்க் பயிற்சி விமானத்தின் வால் சுக்கானுக்குத் துணி போர்த்தியதாகவும், மூன்றாம் பூச்சில் டோப் (துணியை இறுக்கிக் கெட்டியாக்கும் பூச்சு) பால் போல வெளுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். டோப் கெட்டுப்போகவில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்று அதில் நீராகப் படிந்துவிடும். வெளுத்த அடுக்குக்கு வலு கிடையாது, அதன் மேலேயே அடுத்த பூச்சை அடித்து மறைத்துவிடாதீர்கள்.

தின்னர் பாதி, ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் கரைப்பான்) பாதி, இரண்டும் டோப் வாங்கிய அதே பிராண்டில். கலந்து மெல்லிய தூவலாக அடித்தால் வெள்ளை கரைந்து தெளியும். பிடிவாதமாக நின்றால் அந்த அடுக்கைத் தின்னர் துணியால் துடைத்தெடுக்கத்தான் வேண்டும்.

இனிமேல் சுவரில் ஓர் ஈரமானி மாட்டுங்கள். 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் ஸ்பிரே கன்னைத் தொட வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, மாலை மழை கட்டும் முன், அதுதான் உங்களுக்கு நேரம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் வடியுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

சீக்கிரம் காயட்டும் என்று காற்றாடி வைக்காதீர்கள். ஆவியாதல் கூடி இன்னும் வெளுக்கும். மோட்டார் பொறி பட்டால் தின்னர் ஆவி தீப்பிடித்துக்கொள்ளும்.