லெகோ நகரம்: பக்கத்து மனைகளின் உயரம் சேராதது ஏன்?

லெகோ சந்திப்புக்கு ஆளுக்கொரு மனை (அடித்தட்டோடு ஒரு கட்டடம்) கட்டி வந்து, ஒட்டி வைக்கும்போது உயரம் சேரவில்லையா? மனைகளை இணைக்கும் துளைக் கட்டைகளில் (பக்கவாட்டில் துளை உள்ளவை) குறை இல்லை, அடித்தட்டைப் பாருங்கள். நடைபாதை படி மாதிரி நிற்கிறது, துளைகளைக் கோக்கும் பின்னும் (pin) நுழையவில்லை என்றால், அநேகமாக ஒருவர் பேஸ்பிளேட் (ஒரே துண்டான மெல்லிய அடித்தட்டு) மீதும் இன்னொருவர் சாதாரண பிளேட்டுகளை (தட்டையான லெகோ துண்டுகள்) அடித்தட்டாகச் சேர்த்தும் கட்டியிருப்பார்.

சாதாரண பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று அடுக்கினால் ஒரு கட்டை, அதாவது 9.6 மி.மீ. பேஸ்பிளேட் இந்தக் கணக்கில் வராது, அதைவிட மெலிது. அதனால் மேலே எதைச் சேர்த்தாலும் சிறு வித்தியாசம் மிச்சம் இருக்கும்.

சோதித்துப் பாருங்கள்:

1. இரண்டு மனைகளையும் ஒரே மேசையில் ஒட்டி வையுங்கள். மண்டபத்து மடக்கு மேசைகளை நம்பாதீர்கள், அவையே ஏறி இறங்கி இருக்கும்.

2. இரண்டின் அடித்தட்டுக் குமிழ்கள் மீதும் ஒரு நீளமான பிளேட்டைக் குறுக்கே அழுத்துங்கள். இரு பக்கமும் பிடித்தால் சரி. ஒரு பக்கம் தூக்கினால் அதுதான் சிக்கல்.

இந்தச் சந்திப்புக்குத் தாழ்ந்த மனையின் அடியில் அட்டை வைத்துச் சமாளியுங்கள். அடுத்த முறைக்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்: 32×32 குமிழ் பேஸ்பிளேட், முதல் வரிசையிலேயே துளைக் கட்டை, அதுவும் முன் விளிம்பிலிருந்து எல்லாருக்கும் ஒரே குமிழ் எண்ணிக்கையில். அப்புறம், கறுப்புப் பின் வேண்டாம். இறுக்கிப் பிடிக்கும், கலைக்கும்போது சுவரும் கூடவே வரும். தளர்வாகச் சுழலும் சாம்பல் நிறப் பின் போதும்.

ஒன்று மட்டும்: வேறு நிறுவனத் தட்டுகள் கலந்திருந்தால் தடிமன் மாறலாம். அப்போது ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.