முதலில் காய்த்ததை எடுங்கள்: செம்பனைச் சிறுதோட்டக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில் 100 ஏக்கருக்குக் குறைவாகச் செம்பனை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சிறுதோட்டக்காரர் கணக்கில்தான் வருகிறார்கள். ஆனால் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் 3 முதல் 10 ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள். ஹீலிர் பேராக், கோலசிலாங்கூர் பக்கம் பல வருடங்களாக இவர்களோடு மரத்தடியில் நின்று பயிற்சி கொடுத்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து: ஐயா, 6 ஏக்கர், மரத்துக்கு 11 வயது. மாதம் ஒரு முறை வெட்டுகிறோம். விளைச்சல் போதவில்லை. உரத்தை இரண்டு மடங்கு ஆக்கலாமா?

வேண்டாம் தம்பி. உரக்கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுது தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழம் எத்தனை, மட்டை இடுக்கில் சிக்கிக் காய்ந்த பழம் எத்தனை, புல் மண்டி ஆள் போக முடியாததால் வெட்டாமல் விட்ட குலை எத்தனை என்று எண்ணுங்கள். அது முழுக்க நீங்கள் ஏற்கனவே உரம் போட்டு விளைவித்த பணம்.

மாதம் ஒரு வெட்டு என்றால், வெட்டு முடிந்த மறுநாள் பழுத்த குலை அடுத்த வெட்டுவரை 29 நாள் மரத்திலேயே கிடக்கும். பாதிப் பழம் உதிர்ந்து எலிக்கும் எறும்புக்கும் போய்விடும். அது தெரிந்துதான் வெட்டுகிறவர், 'அடுத்த மாதம்வரை தாங்காது' என்று பழுக்காத குலையையும் சேர்த்து இறக்கிவிடுகிறார். இரண்டு பக்கமும் நட்டம். 10 முதல் 14 நாளுக்கு ஒரு வெட்டு என்று மாற்றுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துத் தோட்டக்காரர் இருவரோடு பேசி மூவருக்கும் சேர்த்து ஒரு வெட்டுக் குழு வையுங்கள். தனித்தனியாக 5 ஏக்கருக்கு எவரும் வரமாட்டார்கள். 15 ஏக்கர் என்றால் வருவார்கள்.

எப்போது வெட்டுவது? பூ விரிந்து சுமார் ஐந்து மாதத்தில் குலை பழுக்கிறது. சதையில் எண்ணெய் ஏறுவது கடைசிச் சில வாரங்களில்தான். அதனால் ஒரு வாரம் முந்தினாலும் ஆலைக்குப் போவது தண்ணீரும் நாரும்தான். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், காலை வெயிலில் எல்லாமே சிவப்பாகத் தெரியும். மரத்தடியில் உதிர்ந்த புதுப் பழத்தைப் பாருங்கள். ஆலையில் தரம் பார்க்கும்போது, பழம் புதிதாகக் கழன்ற குழி குலையில் பத்தாவது இருந்தால்தான் அது பழுத்த குலை. கறுப்பாக, ஒரு குழியும் இல்லாமல் இருந்தால் காய்க்குலை.

இன்னொரு கணக்கு. ஒரு வெட்டில் 100 குலை இறக்குகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் 20 உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பழம் சுமார் 10 கிராம். அப்படியென்றால் ஒரு வெட்டுக்கு 20 கிலோ. வருடத்துக்கு 24 வெட்டு என்றால் 480 கிலோ, கிட்டத்தட்ட அரை டன். குலையிலேயே எண்ணெய் அதிகம் உள்ள பகுதி அதுதான். இதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்புறம் உரத்தைப் பற்றிப் பேசலாம்.

தெலுக் இந்தானிலிருந்து: நான் வெட்டுவதில்லை அண்ணே, குத்தகைக்காரரின் ஆட்கள் வெட்டுகிறார்கள். பயிற்சிக்கு வந்து எனக்கு என்ன பயன்?

உங்களைவிட அவர்களுக்குத்தான் பயிற்சி வேண்டும். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் உதிரிப் பழம் பொறுக்கக் குனிய மாட்டார். குனியும் நேரத்தில் இன்னொரு குலை இறக்கினால் அவருக்குக் கூடுதல் காசு. அவர்மேல் தப்பில்லை, கூலி கட்டிய விதம் அப்படி. உதிரிக்குச் சாக்குக் கணக்கில் தனிக் கூலி கொடுங்கள். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்தைச் சுத்தமாக வையுங்கள், பழம் கண்ணுக்குத் தெரியும். முதல் மூன்று வெட்டுக்கு நீங்களும் கூடவே நடங்கள். சத்தம் போடத் தேவையில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தாலே வேலை மாறிவிடும்.

சபாக் பெர்ணாமிலிருந்து: அப்பா மரத்தை நன்றாக மழித்து வைப்பார், பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் மட்டை வெட்டாதே என்கிறீர்களே?

அப்பாவுக்கு வருத்தம் வராத மாதிரி சொல்லுங்கள். மட்டைதான் மரத்தின் சமையலறை. ஒரு மரம் வருடத்துக்குச் சுமார் 24 மட்டை விடும். காய்க்கிற வயதில் 40 மட்டையாவது தலையில் நிற்க வேண்டும். பழுக்கப் போகிற குலைக்குக் கீழே இரண்டு மட்டையை விட்டு வையுங்கள், வயதான உயர்ந்த மரத்துக்கு ஒன்று போதும்.

அளவுக்கு மீறி மழித்தால் மரம் சோர்ந்து, பெண் பூவுக்குப் பதிலாக ஆண் பூவாக விடும். பூ ஆணா பெண்ணா என்பது, அந்தக் குலை உங்கள் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இன்றைக்கு மழித்ததன் தண்டனை இன்றைக்குத் தெரிவதில்லை. இரண்டு வருடம் கழித்து விளைச்சல் விழும்போது நாம் மழையைக் குறை சொல்கிறோம். வறட்சிக்கும் இதே கணக்குதான்.

வெட்டிய மட்டையை எரிக்காதீர்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நடுவில் அடுக்குங்கள். சரிவான நிலமென்றால் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அதில் இருக்கும் பொட்டாசியத்தைக் கடையில் வாங்கினால்தான் அதன் விலை புரியும்.

பாகான் டத்தோவிலிருந்து: அடிமட்டை மஞ்சளாகிறது. என்ன உரம் குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மஞ்சளான மட்டையில் ஓர் ஓலைமேல் இன்னோர் ஓலை படிந்திருக்கும் இடத்தைத் தேடி, மேல் ஓலையைத் தூக்கிப் பாருங்கள். வெயில் பட்ட இடம் மஞ்சளாகவும், நிழலில் இருந்த இடம் பச்சையாகவும், கோடு போட்ட மாதிரி பிரிந்திருந்தால் அது மக்னீசியக் குறைவு. கீசரைட் என்னும் மக்னீசிய உரம் போடலாம். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் பரவி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவினால் பெரும்பாலும் பொட்டாசியக் குறைவு. ஓலை நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்தால் போரான். மரம் முழுவதும் வெளிறினால் தழைச்சத்து, அல்லது வேரடியில் தண்ணீர் தேங்குகிறது. தண்ணீர் தேங்கினால் முதலில் கால்வாயை வெட்டுங்கள், உரம் அப்புறம். சதுப்புக்கரி நிலமாக இருந்தால் செம்பும் துத்தநாகமும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது சந்தேகம் எழுப்பத்தான். அளவை முடிவு செய்ய, உச்சியில் முழுதாக விரிந்த இளமட்டையை ஒன்று என்று வைத்துக் கீழ்நோக்கி எண்ணி, 17-ஆம் மட்டையிலிருந்து ஓலை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்கு வழிகாட்டவே இருக்கிறார்கள், கேட்டு உதவி பெறுங்கள். கனமழை மாதத்தில் உரம் போட்டால் அது கால்வாய்க்குத்தான் போகும்.

அதே ஊரிலிருந்து: கூடுப்புழு தோட்டத்தையே எரித்த மாதிரி ஆக்கிவிட்டது. கடுமையான மருந்தாகச் சொல்லுங்கள்.

கடுமையான மருந்தைக் கண்டபடி தெளிக்காதீர்கள் அண்ணே. ஏன் என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

என் அம்மா தோட்டத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் அடிக்கும் வேலை பார்த்தவர். ஆண் பூவிலிருந்து பொடியை உதறி, முகப்பவுடர் மாதிரியான மாவில் கலந்து, குப்பியில் போட்டு, மரம் மரமாகப் போய் பெண் பூமேல் ஊதுவார்கள். முள் குத்திய கையோடு மாலையில் வருவார். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் அந்த வேலையே இல்லாமல் போனது. அம்மாக்கள் செய்ததை வண்டு செய்தது, இன்னும் செய்கிறது. விரிந்த ஆண் பூ பக்கம் போய் நில்லுங்கள், சோம்பு வாசனை வரும். பூவை லேசாகத் தட்டினால் அந்த வண்டுகள் உங்கள் கையில் ஏறும். கண்டபடி தெளிக்கும் மருந்து அந்த வண்டையும், கூடுப்புழுவைத் தின்னும் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

கூடுப்புழுவுக்கு 'பி.டி.' (Bt) என்னும் நுண்ணுயிர் மருந்து இருக்கிறது. புழு சின்னதாக இருக்கும்போது தெளித்தால்தான் பலன். அதனால் மாதம் ஒரு முறை மட்டையை இறக்கிப் புழுவை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2013 முதல் சட்டப்படி கூடுப்புழு ஆபத்தான பூச்சி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள். பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து செய்யாவிட்டால் அது திரும்ப வரும். வரப்போரம் தர்னேரா, கொடிரோசா மாதிரிப் பூச்செடிகளை நடுங்கள், குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

பந்திங்கிலிருந்து: மரத்தடியில் காளான் முளைத்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

அது கனோடெர்மா என்னும் பூஞ்சை. காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே தண்டு ஏற்கனவே அழுகிவிட்டது. குணமாக்கும் மருந்து கிடையாது. குணமாகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அடியில் மண்ணை அணைத்தால் இன்னும் கொஞ்ச காலம் காய்க்கும். மறுநடவின்போது அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து நொறுக்குங்கள். இதில் சோம்பினால் இளங்கன்றும் அதே நோயில் விழும்.

கப்பாரிலிருந்து: பராகுவாட் களைக்கொல்லி இல்லாமல் புல்லை எப்படி அடக்குவது?

2020 தொடக்கத்திலிருந்து அது தடை, நல்லதுதான். வட்டத்திலும் நடைபாதையிலும் மட்டும் சுத்தம் போதும். மற்ற இடத்தில் மென்மையான புல்லும் பெரணியும் இருக்கட்டும். மொட்டையாக்கினால் மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும்.

ஓர் இளம் பயிற்றுநர்: மண்டபத்தில் வகுப்பு வைக்கிறேன். 40 பேர் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தோட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

தம்பி, மண்டபத்தில்தான் தவறு. நானும் பல வருடம் திரை கட்டிப் படம் காட்டினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

இப்போது 10 பேருக்கு மேல் கூப்பிடுவதில்லை. அவர்களில் ஒருவரின் தோட்டத்திலேயே கூடுகிறோம். இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கொரு வாளி கொடுத்து, வெட்டு முடிந்த இரண்டு வரிசையில் விட்டுப்போன பழத்தைப் பொறுக்கச் சொல்வேன். அரை மணி நேரத்தில் வாளிகளைத் தராசில் வைப்போம். முள் நகர்வதைப் பார்க்கும் முகம் இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் பேசத் தேவையில்லை.

ஒரு தடவைக்கு ஒரு பாடம். வெட்டு, உதிரி, மட்டை, அப்புறம்தான் உரம், இந்த வரிசையை மாற்றாதே. உரத்தைச் சொன்னால் நாளைக்கே காசு செலவாகும், பலன் தெரிய இரண்டு வருடம். வெட்டைச் சொன்னால் அடுத்த லோரியிலேயே எடை கூடும். அந்த நம்பிக்கை வந்தபின் மீதியைக் கேட்பார்கள். நான்கு வரிசையைப் பழையபடி விட்டு, நான்கு வரிசையைப் புதுமாதிரி செய்யச் சொல். பக்கத்துத் தோட்டக்காரர் வேலி ஓரம் நின்று பார்ப்பார், அவர்தான் உன் அடுத்த மாணவர். குறை சொல்லிப் பேசாதே. பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறி, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள்.

ரவாங்கிலிருந்து ஓர் அம்மா: வீட்டுக்காரர் தவறிவிட்டார். இரண்டரை ஏக்கர் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. விற்றுவிடச் சொல்கிறார்கள்.

அம்மா, ஆறு மாதம் பொறுங்கள். விற்பனை உரிமமும் எம்எஸ்பிஓ என்னும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் யார் பேரில் இருக்கின்றன என்று முதலில் பார்த்து, உங்கள் பேருக்கு மாற்றக் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் பழம் விற்பது சிரமம். அப்புறம் ஒரு பள்ளி நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தேதி, இறக்கிய குலை எத்தனை, உதிரி எத்தனை சாக்கு, லோரிச் சீட்டில் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். வெட்டும் நாளில் தோட்டத்தில் இருங்கள், குலையை நீங்களே எண்ணுங்கள். 12 வெட்டு முடிந்ததும் நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.